கடலில் கரைந்த உலோகங்களும் ஒரு தகர வாளியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் அண்ணன் போன மாதம் எனக்கு போன் பண்ணினார். "இந்த வருஷம் நீ பேசணும். உருப்படியா ஏதாவது பேசு. ஆனா உன் சம்பளத்தைப் பத்தியும், நீ எப்படி கஷ்டப்பட்டு மேல வந்தேங்கறதைப் பத்தியும் மட்டும் பேசாதே. அதுக்கு வேற ஆள் இருக்கு" என்றார். அதனால்தான் இன்று கடல் நீரில் கரைந்திருக்கும் உலோகங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சங்கரன்கோவிலுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். கடலைப் பார்க்க வேண்டும் என்றால் நாம் தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ பஸ் ஏற வேண்டும்.

இன்னொரு கேள்வியும் உங்கள் முகத்தில் தெரிகிறது. இந்த மேஜை மேல் எதற்கு ஒரு வாளி? மத்தியானச் சாப்பாட்டுக்கு சாம்பார் வாளியை இவன் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான் என்று பின் வரிசையில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. இது சாம்பார் வாளி இல்லை. இதன் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் 2006 முதல் 2009 வரை இங்கே பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவன். பிறகு லேட்டரல் என்ட்ரியில் இரண்டாம் ஆண்டில் சேர்ந்து கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்தேன். இப்போது கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்றில் பொறியாளராக இருக்கிறேன். தினமும் கடலைக் குழாய் வழியாகப் பார்க்கிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தண்ணி லாரிக் கணக்கு

கடல் நீரில் உப்பு இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு கிலோ கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணி லாரியில் கடல் நீரைப் பிடித்தால், அதில் நானூறு கிலோவுக்கும் மேல் உப்பு இருக்கும். தூத்துக்குடி உப்பளங்களில் எடுப்பது இதைத்தான்.

அதே லாரியில் இரும்பு எவ்வளவு இருக்கும்? கரையை விட்டுத் தள்ளிய ஆழ்கடல் நீர் என்றால், ஒரு லிட்டரில் கரைந்த இரும்பு ஏறக்குறைய 30 நானோகிராம். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. லாரி முழுவதையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு மில்லிகிராம்தான் தேறும். இரண்டு கிராம் எடையுள்ள ஓர் இரும்பு ஆணியில் இருக்கும் இரும்பைக் கடலிலிருந்து எடுக்க வேண்டும் என்றால், ஆறாயிரம் லாரித் தண்ணீரில் உள்ள இரும்பு முழுவதையும் ஒரு துளி விடாமல் எடுக்க வேண்டும்.

ஆடித்தபசுக் கூட்டத்தில் தொலைந்த ஒரு பிள்ளையைத் தேடுவதே எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியும். இந்த உலகத்து ஜனம் மொத்தமும் ஆடித்தபசுக்கு வந்துவிட்டது, அதைப்போல இன்னும் மூன்று உலகத்து ஜனமும் சேர்ந்து வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை கூட்டத்தில் ஒரே ஒரு ஆள். கடல் நீரில் இரும்பின் பங்கு எடைக் கணக்கில் அந்த மாதிரி.

எல்லா உலோகமும் ஒரே அளவில் இருப்பதில்லை. யுரேனியம் கொஞ்சம் அதிகம். ஒரு டன் கடல் நீரில் 3.3 மில்லிகிராம். கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றினாலும், கடல் முழுவதையும் கூட்டினால் 400 கோடி டன்னுக்கும் மேல் வருகிறது. ஜப்பான் விஞ்ஞானிகள் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் விசேஷத் துணிகளைக் கடலில் தொங்கவிட்டு எடுத்துக் காட்டினார்கள். நம் நாட்டில் பாபா அணு ஆராய்ச்சி மையமும் இதில் ஆய்வு செய்திருக்கிறது. ஆனால் ஒரு கிலோ யுரேனியத்துக்கு மூன்று லட்சம் டன் தண்ணீர் அந்தத் துணியைத் தொட்டுப் போக வேண்டும். அதனால் இன்னும் அது சுரங்கத்தோடு போட்டி போடும் நிலைக்கு வரவில்லை.

தங்கமும் உண்டு. தங்கம் என்றதும் எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறீர்கள்! அவசரப்பட வேண்டாம். ஒரு லிட்டரில் பத்து முதல் முப்பது பிகோகிராம். பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஒரு பவுன் தங்கத்துக்கு இரண்டு கோடியிலிருந்து ஆறேழு கோடி தண்ணி லாரி வேண்டும். லாரி வாடகை கொடுப்பதற்குப் பதில் நகைக்கடைக்கே போய்விடலாம்.

கடலில் இருந்தது எவ்வளவு, கையில் இருந்தது எவ்வளவு?

இந்தத் தங்கத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. காற்றிலிருந்து அம்மோனியா செய்யும் வழியைக் கண்ட ஃபிரிட்ஸ் ஹேபரைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி பெரிய நஷ்ட ஈடு கட்ட வேண்டியிருந்தது. கடலில் இருக்கும் தங்கத்தை எடுத்தே அந்தக் கடனை அடைத்துவிடலாம் என்று அவர் நம்பினார். அதற்கு முன் ஆய்வு செய்தவர்கள் ஒரு டன் கடல் நீரில் சில மில்லிகிராம் தங்கம் உண்டு என்று எழுதி வைத்திருந்தார்கள். 1923-ல் ஹேபர் பயணக் கப்பலிலேயே ஆய்வுக்கூடம் அமைத்துக் கடலில் இறங்கினார். வருடக்கணக்கில் உழைத்தார். அளக்கும் முறையைச் சுத்தமாக்க ஆக்க, தங்கத்தின் அளவு குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் எதிர்பார்த்ததில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது, திட்டத்தைக் கைவிட்டார். பழைய கணக்குகளில் இருந்த தங்கத்தில் கணிசமான பகுதி கடலிலிருந்து வந்ததே அல்ல. சோதனைக்குப் பயன்படுத்திய ரசாயனங்களிலிருந்தும் பாத்திரங்களிலிருந்தும் வந்தது. ஹேபர் கண்ட அளவைவிட இன்றைய அளவு இன்னும் நூறு மடங்குக்கு மேல் குறைவு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது ஈயம். கிளேர் பேட்டர்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று 1956-ல் அறிவித்தவர். அதற்காக மிக நுண்ணிய அளவில் ஈயத்தை அளக்க வேண்டியிருந்தது. எங்கே அளந்தாலும் ஈயம் கூடுதலாகவே வந்தது. தூசியில் ஈயம், கண்ணாடியில் ஈயம், ஆசிட்டில் ஈயம், அவர் தலைமுடியிலும் ஈயம். பல வருடம் பாடுபட்டு, வெளிக்காற்று புகாத சுத்தமான ஆய்வறையை அமைத்த பிறகுதான் சரியான அளவு கிடைத்தது. அதே சுத்தத்தோடு கடல் நீரை அளந்தபோது, ஆழத்தில் இருப்பதைவிட மேற்பரப்பில் ஈயம் அதிகம் என்று தெரிந்தது. மேலிருந்துதான் விழுகிறது, பெட்ரோலில் கலந்த ஈயம் காற்றில் பறந்து கடலில் இறங்குகிறது என்று அவர் சொன்னார். அதற்காக நிறைய எதிர்ப்பையும் சந்தித்தார். நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021-ல் நின்றது.

மூன்றாவது துத்தநாகம். துத்தநாகத்தைத்தான் நாம் ஜிங்க் என்கிறோம். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். கப்பல் என்பதே இரும்பு. அது துருப்பிடிக்காமல் இருக்க அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவார்கள். தண்ணீர் எடுக்கும் கம்பி வடத்தில் துத்தநாகப் பூச்சு இருக்கும். அந்தக் கப்பலில் நின்றுகொண்டு, அந்தக் கம்பியில் கட்டிய பாத்திரத்தில் கடல் நீரை மொண்டு, அதில் துத்தநாகம் எவ்வளவு என்று பல வருடம் அளந்துகொண்டிருந்தார்கள்! எண்கள் தாறுமாறாக வந்தன. கென் புரூலண்டும் அவருடைய தோழர்களும் பசிபிக் கடலில் மிகுந்த சுத்தத்தோடு எடுத்து அளந்து 1978-ல் வெளியிட்டபோது, பழைய எண்கள் பத்து மடங்கு, நூறு மடங்கு என்று தப்பாக இருந்தது வெளிச்சத்துக்கு வந்தது.

எண் சரியானதும் ஓர் அழகான விஷயமும் தெரிந்தது. துத்தநாகம் மேலே மிகக் குறைவு, ஆழத்தில் அதிகம். மேலே வெயில்படும் இடத்தில் வாழும் நுண்பாசிகள் அதை உணவாக எடுத்துக்கொள்கின்றன. அவை செத்து ஆழத்துக்குப் போய்க் கரையும்போது துத்தநாகம் திரும்பத் தண்ணீரில் சேருகிறது. தப்பு எண்கள் இருந்த காலம்வரை இந்த ஒழுங்கு யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

பயிருக்குப் போடுகிற ஜிங்க், கடலுக்குப் போட்ட இரும்பு

இவ்வளவு சின்ன அளவுக்கு என்ன முக்கியத்துவம் என்று கேட்பீர்கள். விவசாய வீட்டுப் பிள்ளைகள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். யூரியா போட்டும் நெல் பச்சை பிடிக்காமல் துரு நிறப் புள்ளி விழுந்து நிற்கும். வேளாண்மை அலுவலர் வந்து, "ஏக்கருக்குப் பத்து கிலோ ஜிங்க் சல்பேட்டை மணல்ல கலந்து போடுங்க" என்பார். போட்டால் பயிர் எழுந்துகொள்ளும். மூட்டை மூட்டையாக உரம் இருந்தும் ஒரு சிட்டிகை சத்து இல்லாததால் பயிர் நின்றுபோகிறது.

கடலிலும் அப்படித்தான். தெற்குப் பெருங்கடல் போன்ற இடங்களில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தாராளமாக இருந்தும் பாசி வளராமல் கிடந்தது. ஏன் என்று பல காலம் புரியவில்லை. இரும்பு இல்லாததுதான் காரணம் என்று ஜான் மார்ட்டின் 1980-களின் கடைசியில் எடுத்துச் சொன்னார். அதற்கு முன் இதை உறுதிப்படுத்த முடியாமல் போனதற்குக் காரணம், கப்பலின் துரு கலந்த தண்ணீரை அளந்து, இரும்பு போதுமான அளவு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்ததுதான்.

பாசி வளர்ந்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுக்கும். செத்து ஆழத்துக்குப் போனால் அந்தக் கரியும் கூடவே போய்விடும். அப்படியானால் கடலுக்கு இரும்பு உரம் போட்டுப் புவி வெப்பத்தைக் குறைக்கலாமே என்ற யோசனை வந்தது. இதைச் சோதித்தவர்களில் நம் நாட்டவரும் உண்டு. கோவாவிலுள்ள தேசிய கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனமும் சேர்ந்து 2009-ல் 'லோஹாஃபெக்ஸ்' என்ற பரிசோதனையை நடத்தின. 'லோஹா' என்றால் இந்தியில் இரும்பு. வாஜி நக்வியும் விக்டர் ஸ்மெட்டாசெக்கும் தலைமை தாங்கினார்கள். கப்பல் கேப்டவுனிலிருந்து கிளம்பிய பிறகு சுற்றுச்சூழல் அமைப்புகளின் எதிர்ப்பால் ஜெர்மன் அரசு வேலையை நிறுத்தி வைத்து, பிறகே அனுமதி கொடுத்தது. தெற்கு அட்லாண்டிக்கில் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு சல்பேட்டைக் கரைத்துவிட்டார்கள். இரண்டு டன் இரும்பு, இரண்டு தடவை. முப்பத்தொன்பது நாள் கூடவே இருந்து அளந்தார்கள்.

பாசியின் பச்சையம் இரண்டு மடங்கானது. ஆனால் கரி எதிர்பார்த்த அளவுக்கு ஆழத்துக்குப் போகவில்லை. ஓடு கட்டும் பாசி இனம் வளர சிலிக்கா வேண்டும். அந்த இடத்தில் அது இல்லை. வளர்ந்த மற்றப் பாசிகளைச் சின்னச் சின்ன இறால் வகை உயிர்கள் தின்று தீர்த்துவிட்டன. இரும்பைக் கொட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு இது ஒரு பெரிய கடிவாளம். எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதையும் அவர்கள் அப்படியே எழுதி வெளியிட்டார்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

வாளியின் கதை

இப்போது இந்த வாளிக்கு வருகிறேன்.

படிப்பு முடிந்து நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது ஒரு சின்னத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். 2013-ல் தென்கடற்கரையில் ஒரு மீனவர் ஊருக்கு என்னை அனுப்பினார்கள். பக்கத்தில் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர்க் குழாய் கடலுக்குள் போகிறது. நாலு இடத்தில் கடல் நீர் எடுத்து வந்து உலோகங்களை அளக்க வேண்டும். ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் ஃபைபர் போட்டில் என்னை ஏற்றிக்கொண்டார். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன். போகிற வழியெல்லாம் மீன் குறைந்துபோனதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

கடலுக்குள் போன பிறகுதான் பார்க்கிறேன், தண்ணீர் எடுக்கும் பிளாஸ்டிக் கருவியை மூடவைக்கும் எடைக்கட்டியை லாட்ஜிலேயே மறந்து வைத்துவிட்டேன். திரும்பினால் ஒரு நாள் வீண். மேலாளர் திட்டுவார். போட்டில் தேங்கும் தண்ணீரை இறைக்க ஒரு வாளி கிடந்தது. அதில் மொண்டு, கொண்டு போன பாட்டில்களில் ஊற்றிக்கொண்டேன். நாலு இடத்திலும் அதே வாளி. இதோ, இந்த வாளி. தகர வாளி என்று நாம் சொன்னாலும் இது இரும்புத் தகட்டில் துத்தநாகம் பூசியது. உள்ளே பாருங்கள், வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அது துத்தநாகத்தின் துரு.

முடிவு வந்தது. ஒரு லிட்டரில் துத்தநாகம் 180 மைக்ரோகிராம். கரையோரத்தில் சாதாரணமாக ஓரிரண்டோ, மிஞ்சினால் பத்தோ இருக்க வேண்டிய இடம். குழாய்க்குப் பக்கத்தில் எடுத்ததிலும் அவ்வளவு, மூன்று கிலோமீட்டர் தள்ளி எடுத்ததிலும் ஏறக்குறைய அவ்வளவு. அப்போதே எனக்கு மண்டையில் மணி அடித்திருக்க வேண்டும். குழாயிலிருந்து வருவது தூரம் போகப் போகக் குறைய வேண்டாமா? எனக்கு மணி அடிக்கவில்லை. பெரிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டேன் என்ற குஷி. அறிக்கையில் கையெழுத்து ஆவதற்கு முன்னாலேயே அண்ணாச்சிக்கு போன் போட்டு எண்ணைச் சொல்லிவிட்டேன்.

அவர்கள் அந்த எண்ணை மனுவில் எழுதினார்கள். ஊர்க் கூட்டத்தில் வாசித்தார்கள். அதிகாரிகள் முன்னிலையில் வேறொரு ஆய்வுக்கூடம் வந்து மறுபடி தண்ணீர் எடுத்தது. வந்த எண் நாலு. நூற்றெண்பது எங்கே, நாலு எங்கே! விசாரணைக் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பத்து நிமிஷத்தில் ஃபைலை மூடிவிட்டார்கள்.

எங்கள் கூடத்தில் மூத்த வேதியியலாளர் ஒரு மேடம் இருந்தார். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பிளாங்க் எங்கே?"

பிளாங்க் என்றால் என்ன என்று வேதியியல் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சுத்தமான தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுபோய், அதே படகில் திறந்து, அதே கருவியில் ஊற்றி எடுத்து, கடல் நீருக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்து, அதையும் அளக்க வேண்டும். அதில் வருகிற எண் கடலுடையது அல்ல. நம் கருவியுடையது, நம் கையுடையது. கடல் நீரின் எண்ணோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மீதி கடலுடையதா என்று சொல்ல முடியும். நான் பிளாங்க் எடுக்கவில்லை.

மறுபடி ஊருக்குப் போனேன். "அண்ணாச்சி, அந்த வாளியைக் கொஞ்சம் குடுங்க, ரெண்டு நாள்ல தந்துடறேன்" என்று வாங்கி வந்தேன். சுத்தமான கடல் நீரை இதில் ஐந்து நிமிடம் வைத்து அளந்தோம். நூற்று அறுபதுக்கு மேல் வந்தது.

வாளியைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று வலை உலர்த்துகிற இடத்தில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "அண்ணாச்சி, தப்பு கடல்ல இல்ல. குழாய்லயும் இல்ல. என் கையில. இந்த வாளியில இருந்து வந்ததை நான் கடல்ல இருந்து வந்ததா எழுதிட்டேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர் கேட்டார்: "அப்போ கடல் நல்லா இருக்குன்னு சொல்லுதீங்களா தம்பி?"

"அப்படியும் சொல்லலை அண்ணாச்சி. ஜிங்க் கூட இல்லைன்னு மட்டும்தான் தெரியும். மத்தது எனக்குத் தெரியாது."

"மீனு கொறைஞ்சது நெசம். அதை நாங்க வாளி வெச்சு அளக்கலை. இனி அதைச் சொன்னா யாரு கேப்பா?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னபடியேதான் நடந்தது. அதற்குப் பிறகு அந்த ஊர்க்காரர்கள் எந்தக் குறையைக் கொண்டுபோனாலும், "இதுவும் அந்த வாளிக் கணக்குதானா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் 1956-ல் அந்த நோய் வெளிச்சத்துக்கு வந்தது. தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரசம் மீனில் சேர்ந்து மனிதர்களை முடக்கிய விஷயம் அது. அதுதான் காரணம் என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ளப் பன்னிரண்டு வருடம் ஆனது. பலம் இல்லாத ஜனங்கள் ஓர் உண்மையை நிரூபிக்கவே அவ்வளவு காலம் ஆகிறது. அவர்கள் கையில் ஒரு தப்பு எண்ணைக் கொடுப்பது உதவி செய்வது ஆகாது. நான் அவர்கள் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொண்டுதான் அந்த போனைப் போட்டேன். எதிர்த்தரப்பு செய்ய முடியாத கெடுதலை நான் செய்துவிட்டேன்.

வாளியை அண்ணாச்சி திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. "உங்ககிட்டயே இருக்கட்டும். நாங்க பிளாஸ்டிக் வாங்கிக்கிட்டோம்" என்றார். கோபத்தில் சொன்னாரா, கிண்டலாகச் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து இது என் அறையில் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் இது எதற்கு சார் என்று கேட்டால், முதல் நாள் பாடத்தை இதை வைத்துத்தான் தொடங்குவேன்.

நம் லேபில் கற்றது

இந்தப் பாடத்தை நான் கடற்கரையில்தான் கற்றேன் என்று சொன்னால் அது பொய். இதே கல்லூரியில், இதே வேதியியல் லேபில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். டைட்ரேஷனில் மூன்று தடவை அளந்து ஒத்து வரும் அளவை எழுத வேண்டும். நாங்கள் என்ன செய்வோம்? ஒரு தடவை அளப்போம். மீதி இரண்டையும் பக்கத்து ரெக்கார்டைப் பார்த்து எழுதிவிடுவோம். பிளாங்க் அளவு எப்போதும் 0.1 மில்லி. அளந்தால்தானே மாறும்!

ஒரு நாள் எங்கள் சார் என் ரெக்கார்டைக் கையில் எடுத்தார். "பிளாங்க் எடுத்தியாலே?" என்றார். தலையைச் சொறிந்தேன். "அதை எடுக்கலைன்னா நீ தண்ணியை அளக்கலை. உன் அழுக்கைத்தான் அளந்திருக்கே" என்று சொல்லி, மறுபடி முழுவதும் செய்ய வைத்தார். அன்று எனக்கு மூன்றரை மணி பஸ் போய்விட்டது. கோபம் கோபமாக வந்தது. அந்த வாக்கியம் பஸ்ஸோடு போகாமல் மனதில் நின்றிருந்தால், ஒரு ஊரின் பேச்சு எடுபடாமல் போயிருக்காது. சார் இன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சார், மன்னிக்கணும். கொஞ்சம் லேட்டாத்தான் புரிஞ்சது.

இன்று உலகம் எங்கும் விஞ்ஞானிகள் 'ஜியோட்ரேசஸ்' என்ற திட்டத்தில் சேர்ந்து கடல்களின் உலோக அளவுகளை வரைபடமாக்குகிறார்கள். இந்திய ஆய்வாளர்களும் அதில் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் உறை போட்ட வடம், ஆசிட்டில் நாள்கணக்காக ஊறவைத்த பாட்டில், இரண்டு பைக்குள் அந்தப் பாட்டில், பவுடர் இல்லாத கையுறை, வடிகட்டிய காற்று வரும் அறை என்று பெரிய ஏற்பாடு. அதோடு எத்தனை தடவை பிளாங்க் எடுத்தோம், அதில் என்ன வந்தது என்பதையும் எண்ணோடு சேர்த்து எழுதுகிறார்கள். பெரிய கருவி எல்லாம் நம் கல்லூரிக்கு இப்போது வராது. பிளாங்க் எடுப்பதற்குப் பெரிய கருவி வேண்டியதும் இல்லை.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் ஊரில் ஒரு தெரு போர் தண்ணி குடிக்க நன்றாக இருக்கும். அடுத்த தெருவில் உப்புக் கரிக்கும். எந்தத் தெருவில் எவ்வளவு உப்பு, எவ்வளவு கடினத்தன்மை என்று நாமே அளந்து ஒரு படம் போடலாம். பாட்டில்களும் ரசாயனங்களும் நான் வாங்கித் தருகிறேன். வருகிற கோடை விடுமுறையில் இரண்டு நாள் வந்து, உங்களோடு தெருத் தெருவாகச் சுற்றவும் தயார். ஒரே ஒரு நிபந்தனை. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பிளாங்க். அதில் வருகிற எண்ணை, அது எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும், அப்படியே எழுத வேண்டும். அண்ணன்மார்கள் மனசு வைத்தால் லேபுக்கு ஒரு நல்ல வடிநீர்க் கருவியும் வாங்கிவிடலாம். செயலாளர் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். அவர் பெயரில் முதல் தொகையை எழுதிக்கொள்ளலாம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இந்த வாளியை நான் இன்று திரும்ப எடுத்துக்கொண்டு போகப் போவதில்லை. துறைத் தலைவர் சம்மதித்தால், நம் வேதியியல் லேபில் தராசுக்குப் பக்கத்தில் இது இருக்கட்டும். ரெக்கார்டில் 0.1 என்று அளக்காமல் எழுதப் போகிற கை, ஒரு தடவை இதைப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

 சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. சாம்பார் வேறு வாளியில்தான் வரும், பயப்பட வேண்டாம்.